ஒரு டைமுக்கு எத்தன வார்த்தை?

போன இதழ்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், இங்கிலீஷ்காரன் 'டைம்'னு ஒரே வார்த்தைல முடிச்சிடறத போர்ச்சுகீஸுக்கு கொண்டு போறப்ப மூணு நாலா உடைக்க வேண்டியிருக்குன்னு. அவ்ளோதான், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்தத் தடவ பக்கம் முழுக்க அதே சமாச்சாரம்தான். உச்சரிப்ப பத்தி முதல்லயே சொல்லிடறேன், நான் எழுதறது பிரேசில்காரங்க பேசற மாதிரி, ஏன்னா என் மொழிபெயர்ப்பு வேல பாதிக்கு மேல அவங்களுக்குத்தான், போர்ச்சுகல்ல வேற மாதிரின்னா அங்கங்க சொல்றேன். இசட் சத்தத்துக்கு தமிழ்ல எழுத்தில்லாததால அதையும் 'ஸ'ன்னே போட்டிருக்கேன், பொறுத்துக்குங்க.

கேள்வி: அக்கா, டிக்‌ஷனரில டைம்னு தேடினா தெம்பு, ஓரா, வெஸ்னு மூணு போட்டிருக்கான். எப்ப எதப் போடறது? மூணு மாசமா படிக்கிறேன், இன்னும் குத்துமதிப்பாத்தான் போடறேன். ஒரு ஷார்ட்கட் சொல்லுங்களேன்.
*- ஆன்லைன்ல போர்ச்சுகீஸ் படிக்கிற காலேஜ் மாணவர்*

பதில்: ஷார்ட்கட் உங்க வாயிலயே இருக்கு தம்பி. இங்கிலீஷ் வாக்கியத்த அப்படியே தூக்கி போர்ச்சுகீஸ்ல போடாதீங்க, நடுவுல ஒரு தடவ மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாருங்க. தமிழ்ல 'மணி'ன்னு வந்தா ஓரா. 'தடவ', 'முறை', 'வாட்டி'ன்னு வந்தா வெஸ். 'நேரம்', 'காலம்', 'நாளாச்சு'ன்னு வந்தா தெம்பு. பத்துக்கு எட்டு இதுலயே முடிஞ்சிரும்.

'வாட் டைம் இஸ் இட்'னு இங்கிலீஷ்ல இருக்கு. நாம 'நேரம் என்ன'ன்னும் கேப்போம், ஆனா பதில் என்ன வருது, மூணு மணிதான? அப்ப ஓரா, 'கி ஓராஸ் சௌங்'. 'ஐ கால்ட் யூ த்ரீ டைம்ஸ்', மூணு தடவ கூப்ட்டேன், அப்ப 'த்ரேஸ் வெஸிஸ்'. 'ஐ டோன்ட் ஹேவ் டைம்', எனக்கு நேரமில்ல, 'நௌங் தெஞு தெம்பு'. இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்களுக்குத்தான் இது மனப்பாடம் பண்ற விஷயம், நமக்கு நம்ம பாஷையே முன்னாடியே பிரிச்சு வெச்சிருக்கு, இது தெரியாம நானும் ஆரம்பத்துல ஒரு வருஷம் இங்கிலீஷ் புக்க வெச்சுக்கிட்டு முட்டிக்கிட்டேன்.

இன்னொண்ணு, தெம்புல வர்ற 'த' நம்ம 'தம்பி'ல வர்ற அதே த, நாக்கு பல்லுல தட்டணும். இங்கிலீஷ் டிக்‌ஷனரி பாத்துட்டு 'டெம்போ'ன்னு சொன்னீங்கன்னா சரக்கு ஏத்தற வண்டி மாதிரி கேக்கும். கடைசி ஓ-வும் உ-வா தேஞ்சிரும். ஆக நம்ம தெம்புவேதான். அவங்க 'தெம்பு இல்ல'ன்னு சொன்னா டைம் இல்ல, நாம சொன்னா உடம்புல சக்தி இல்ல, எனக்கு பெரும்பாலும் ரெண்டும் ஒரே நாள்லதான் வருது.

கேள்வி: ஓரான்னு படிச்சதும் ஜோசியத்துல வர்ற சுக்கிர ஓரை, குரு ஓரை ஞாபகம் வந்துச்சு. சும்மா தற்செயலா, இல்ல சொந்தமா?
*- பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்*

பதில்: சொந்தமேதான் சார், ஒரே தாத்தாவுக்கு ரெண்டு பேரப்பசங்க. கிரேக்கத்துல 'ஹோரா'ன்னு ஒரு சொல்லு, அது ஒரு பக்கம் லத்தீனுக்குப் போயி போர்ச்சுகீஸ் ஓரா ஆச்சு, இன்னொரு பக்கம் ஜோதிடத்தோட சேர்ந்து சமஸ்கிருதத்துக்கு வந்து ஹோரா, அப்புறம் நம்ம ஓரை. இதுல வேடிக்கை, போர்ச்சுகீஸ்காரங்க முன்னாடி ஹெச் எழுத்த இன்னமும் எழுதறாங்க ஆனா வாயால சொல்ல மாட்டாங்க, நாம எழுதவும் விட்டுட்டோம் சொல்லவும் விட்டுட்டோம்.

ஆனா இத சாவி, ஜன்னல் கணக்குல சேத்துடாதீங்க. சாவி (அவங்க வாய்ல 'ஷாவி'), ஜன்னல் ('ஜனேலா'), மேஜை, அலமாரி இதெல்லாம் கப்பல்ல நேரா அவங்களே கொண்டு வந்து குடுத்துட்டுப் போனது. ஓரை அவங்க கப்பல் கட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. ரெண்டு பாஷைக்கும் நடுவுல மொழிபெயர்ப்பும் இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல, அந்தாவ் தி ப்ரொயென்ஸாங்கற பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்ச்சுகீஸ் அகராதி 1679லயே அச்சாயிருக்கு. அதாவது இங்கிலீஷ நடுவுல நிக்க வெக்காம நேரா போன ஆளுங்க அப்பவே இருந்திருக்காங்க.

கேள்வி: ஒரு பிரேசில் கம்பெனில ஆன்லைன் மீட்டிங். மெயில்ல 'த்ரேஸ் ஓராஸ்'னு இருந்துச்சு, மூணு மணிக்குன்னு நினைச்சு உக்காந்திருந்தேன், அவங்க சொன்னது மூணு மணி நேரம் நடக்கும்னு. நீங்க சொல்ற தமிழ் ஷார்ட்கட் இங்க ஏன் வேல செய்யல?
*- ஐடி வேலையில இருக்கும் வாசகர்*

பதில்: செய்யும், நீங்க ஒரு கோட்ட கவனிக்காம விட்டுட்டீங்க. தமிழ்ல 'மூணு மணி' வேற 'மூணு மணி நேரம்' வேற, கூட ஒரு வார்த்தை சேக்கறோம். போர்ச்சுகீஸ்ல ரெண்டுமே ஓராஸ், வித்தியாசம் முன்னாடி வர்ற துணுக்குல இருக்கு. 'மூணு மணிக்கு'ன்னா 'ஆஸ் த்ரேஸ் ஓராஸ்', அந்த ஆ எழுத்து மேல இடப்பக்கத்துலேர்ந்து சரியற மாதிரி ஒரு சின்னக் கோடு இருக்கும். நம்ம வேற்றுமை உருபு 'க்கு' பாத்த வேலைய அந்த 'ஆஸ்' பாக்குது. வெறும் 'த்ரேஸ் ஓராஸ்'னா மூணு மணி நேரம். மெயில்ல 'ஆஸ்' இல்லன்னா கெடிகாரத்தப் பாக்காதீங்க, எவ்ளோ நேரம் உக்காரணும்னு பாருங்க.

பக்கத்துலயே இன்னும் ரெண்டு பள்ளம் இருக்கு. ஒரு மணின்னா ஒருமை, 'எ உமா ஓரா', ரெண்டுலேர்ந்து பன்மை, 'சௌங் துவாஸ் ஓராஸ்'. அப்புறம் 'மெய்யா'ன்னா அரை, 'த்ரேஸ் இ மெய்யா' மூணரை. ஆனா பிரேசில்ல ஃபோன் நம்பர் சொல்றப்ப இதே மெய்யாவுக்கு 6னு அர்த்தம், அரை டஜன்ங்கறத சுருக்கினது. 'த்ரேஸ் மெய்யா'ன்னு யாராச்சும் ஃபோன்ல சொன்னா 36, நடுவுல ஒரு குட்டி 'இ' வந்துச்சுன்னா மூணரை. நான் ஒரு தடவ நம்பர எழுதிக்கறேன்னு பேப்பர்ல மூணரைன்னு எழுதி வெச்சிருக்கேன்.

கேள்வி: வெஸ்ன்னா தடவன்னு சொன்னீங்க. ஆனா போர்டு கேம் ஆடறப்ப என் பிரேசில் ஃப்ரெண்ட் 'எ மிஞா வெஸ்'னு கத்தறா. இது 'என் தடவ'யா?
*- பள்ளி மாணவி*

பதில்: 'என் முறை'டா கண்ணா. அவ டர்ன் வந்துருச்சுன்னு கத்தறா. இதுல எனக்குப் பிடிச்ச விஷயமே இதான், இங்கிலீஷ்ல மூணு 'டைம்ஸ்' ஒரு வார்த்தை, மை 'டர்ன்' வேற வார்த்தை. நாம 'மூணு முறை சொன்னேன்'னும் சொல்றோம், 'இப்ப என் முறை'ன்னும் சொல்றோம், போர்ச்சுகீஸும் அதையேதான் பண்ணுது. லத்தீன்ல மாத்தி மாத்தி வர்றதுக்கு ஒரு சொல்லு இருந்துச்சு, அதுலேர்ந்துதான் வெஸ் வந்துச்சு, நாம ஆபீஸ்ல சொல்ற 'வைஸ் வெர்ஸா'வுல இருக்கற வைஸும் அதே குடும்பம்.

வெஸ் இருக்கற இடமெல்லாம் ஒரு கை பாத்துடலாம். 'ஆஸ் வெஸிஸ்', சில சமயம். 'ஜி வெஸ் எங் குவாந்து', எப்பவாச்சும். 'எங் வெஸ் ஜி', அதுக்குப் பதிலா. 'ஒன் அட் எ டைம்'க்கு 'உங் ஜி காதா வெஸ்', நாம சிம்பிளா 'ஒவ்வொண்ணா'ன்னு வார்த்தைய இரட்டிச்சே முடிச்சிடுவோம், அந்த சொகுசு அவங்களுக்கு இல்ல. அப்புறம் கதை ஆரம்பிக்கறது, 'எரா உமா வெஸ்', நேரா சொன்னா 'ஒரு தடவ இருந்துச்சு', நம்ம 'ஒரே ஒரு ஊர்ல'தான். அவங்க தடவய எண்ணி ஆரம்பிக்கறாங்க, நாம ஊர எண்ணி ஆரம்பிக்கறோம், ரெண்டு பேருக்குமே ஒண்ணுதான் கணக்கு.

கேள்வி: 'ஃபோர் டைம்ஸ் பிக்கர்'ன்னா 'நாலு மடங்கு'. இதுக்கும் வெஸ்ஸா?

பதில்: ஆமா, 'குவாத்ரு வெஸிஸ் மயோர்'. பெருக்கல் வாய்ப்பாடும் வெஸிஸ்தான். தடவ வேற மடங்கு வேறன்னு பிரிக்கற பழக்கம் நமக்குத்தான்.

கேள்வி: இங்கிலீஷ் இடியம்ல எதெல்லாம் அப்படியே வார்த்தைக்கு வார்த்தை போகும், எதெல்லாம் போகாது? சப்டைட்டில் எழுத ஆரம்பிச்சிருக்கேன், டைம் வர்ற எடத்துலெல்லாம் கை நடுங்குது.
*- புதுசா சப்டைட்டில் வேலைக்கு வந்தவர்*

பதில்: போறதெல்லாம் பிரச்சனையில்ல, சீக்கிரம் சொல்லிட்டுப் போயிடறேன். 'டைம் ஃப்ளைஸ்' அங்கயும் பறக்குது, 'உ தெம்பு வோவா'. 'டைம் இஸ் மணி'யும் அப்படியே. 'கில்லிங் டைம்', அங்கயும் கொலைதான், 'மதார் உ தெம்பு'. ஆனா யாருக்காகவாச்சும் காத்திருந்து சும்மா பொழுத ஓட்டறதுன்னா பிரேசில்காரன் வாய்ல முதல்ல வர்றது 'ஃபஸேர் ஓரா', மணிய உண்டாக்கறதுன்னு வெச்சுக்குங்க. அதோட 'என் மூஞ்சியோட'ன்னு சேத்துட்டா அர்த்தமே வேற, 'என்னய வெச்சு காமெடி பண்றியா'ன்னு.

இப்ப மாட்டிக்கற இடங்கள். 'டேக் யுவர் டைம்'. இத 'தோமி செவ் தெம்பு'ன்னு போட்ட சப்டைட்டில் நிறைய பாத்திருக்கேன். அவங்க பாஷைல நேரத்த 'தோமார்' பண்றதுன்னா அடுத்தவன் நேரத்தத் தின்னு தீக்கறது. ஆறுதலா சொல்ல வேண்டிய டாக்டர் 'உன் நேரத்த நீயே புடுங்கிக்க'ங்கற மாதிரி நிக்கிறாரு. தமிழ்ல நாம எப்படி சொல்லுவோம், 'மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல'. அங்கயும் அதேதான், 'செங் ப்ரெஸா', அவசரமில்லாம. இல்லன்னா 'கோங் கௌமா', நிதானமா. டைம்ங்கற வார்த்தையே வேண்டாம். இதுதான் நிறைய பேருக்கு மனசு வராது, மூலத்துல ஒரு வார்த்தை இருக்கே, எங்கயாச்சும் வெச்சாகணுமேன்னு தவிப்பாங்க. தூக்கிப் போடுங்க.

'ஹேவ் எ குட் டைம்'. இதுக்கு 'போங் தெம்பு'ன்னு போட்டா வெயில் நல்லா அடிக்கட்டும்னு வாழ்த்தின மாதிரி இருக்கும், ஏன்னா தெம்புன்னா வானிலையும்தான். 'ஜிவீர்தா ஸி'ன்னு போடுங்க, சந்தோஷமா இருந்துட்டு வாங்கன்னு. கூட்டாளிங்க பேசற சீன்னா 'அப்ரோவெய்தா', அனுபவி ராஜாங்கற தொனி. போயிட்டு வந்துட்டு 'ஐ ஹேட் எ கிரேட் டைம்'னு சொல்றாங்களா, ஒரே வார்த்தை போதும், 'அதோரெய்'. சூப்பரா இருந்துச்சுன்னு அர்த்தம், ஸ்க்ரீன்ல இடமும் மிச்சம்.

'லாங் டைம் நோ சீ'க்கு 'ஆ குவாந்து தெம்பு', நம்ம 'எவ்ளோ நாளாச்சு பாத்து!' அச்சு அசல்.

அப்புறம் 'இட்ஸ் அபவுட் டைம்'. இது குசும்பு கலந்தது. லேட்டா வந்தவனப் பாத்து சொல்றது, நாம 'வந்துட்டியா ஒரு வழியா'ன்னு இழுப்போம்ல, அந்த இழுப்பு வரணும். பிரேசில்ல 'அதே கி எங்ஃபிங்', இல்லன்னா 'ஜா எரா ஓரா'. போர்ச்சுகல்ல அழகா ஒண்ணு வெச்சிருக்காங்க, 'ஜா நௌங் எரா செங் தெம்பு', இல்லைய ரெண்டு தடவ போட்டு சுத்தி வளைச்சு, 'நேரமாகாம ஒண்ணும் இல்ல'ங்கற மாதிரி. கேக்கறவனுக்கு முதுகுல தட்டிக் குடுக்கற மாதிரியும் இருக்கும் குட்டற மாதிரியும் இருக்கும்.

கடைசியா ஓராவோட ஒரு செட். 'நா ஓரா'ன்னா கரெக்ட் டைமுக்கு, அப்பவே அந்த இடத்துலயே, ரெண்டும். ஃபோட்டோ எடுத்து உடனே கைல குடுத்தா அது 'நா ஓரா'. 'எங் சீமா தா ஓரா'ன்னா மணிக்கு மேல ஏறி உக்காந்த மாதிரி, கடைசி நிமிஷத்துல வந்து குதிக்கறது. 'ஆன் டைம்'க்கு நா ஓரா, 'இன் டைம்'க்கு 'ஆ தெம்பு'. மொதல்லது சொன்ன மணிக்கு வந்தான், ரெண்டாவது கெட்டுப் போறதுக்குள்ள வந்து சேந்தான். ஆம்புலன்ஸ் வர்ற சீன்ல இத மாத்திப் போட்டுடாதீங்க.

கேள்வி: அக்கா, பேர் போடாதீங்க. பிரேசில்ல இருக்கற என் பாய்ஃப்ரெண்ட் நேத்து 'வாமுஸ் தார் உங் தெம்பு'ன்னு மெசேஜ் பண்ணான். ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டா 'நாம் ஒரு நேரம் கொடுப்போம்'னு வருது. சேந்து டைம் ஸ்பெண்ட் பண்ணலாம்னு சொல்றான்னு நினைச்சு ஹார்ட் அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் பதிலே இல்ல.

பதில்: இத சொல்ல எனக்கே சங்கடமா இருக்கும்மா. காதலிக்கிறவங்க நடுவுல அந்த வாக்கியம் வந்தா 'கொஞ்ச நாள் விலகி இருப்போம், யோசிப்போம்'னு அர்த்தம், பிரேக் அப்புக்கு ஒரு படி முன்னாடி. பிரேசில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வாக்கியம் அது. சேந்து பொழுது போக்கறதுன்னா 'பஸார் தெம்பு ஜூந்துஸ்'னு வந்திருக்கும். நீங்க அனுப்பின ஹார்ட்ட அவன் எப்படி எடுத்துக்கிட்டானோ, அவனும் குழம்பித்தான் போயிருப்பான், அதனால அர்த்தம் புரியாம அனுப்பிட்டேன்னு நேராவே சொல்லிடுங்க. 'தார்'ன்னா குடுக்கறது, இதே 'தார்' வெச்சு இன்னும் ரெண்டு இருக்கு, தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது. 'தா உங் தெம்பு!'ன்னு ஒருத்தர் எரிச்சலா சொன்னா 'கொஞ்சம் சும்மா விடறியா'ன்னு. 'நௌங் தா தெம்பு'ன்னா நேரம் பத்தாது, முடியாது, அது வெறும் தகவல், அதுக்கு கோச்சுக்க வேண்டாம்.

கேள்வி: தெம்புன்னா வெதர்ங்கறீங்க, டைம்ங்கறீங்க. குழப்பமே வராதா அவங்களுக்கு?

பதில்: 'மழைக்காலம்'னா நமக்கு குழப்பம் வருதா? 'இறந்தகாலம்'ன்னா ஏதோ செத்துப் போச்சுன்னு நினைக்கறோமா? நம்ம காலத்துக்குள்ளயும் சீசன் இருக்கு, இலக்கணம் இருக்கு, அந்தக் காலம் இந்தக் காலம் எல்லாம் இருக்கு. தெம்புவும் அதே மாதிரி ஒரு பெரிய கூடை, அவங்க இலக்கணத்துலயும் இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் தெம்புதான். இங்கிலீஷ்லதான் டைம், வெதர், டென்ஸ்னு மூணு டப்பா.

பிரேசில்ல 'உ தெம்பு ஃபெஷோ'ன்னு சொல்லுவாங்க, வானம் மூடிக்கிச்சு, மேகம் கட்டிருச்சுன்னு. ஒரு ரூம்ல ரெண்டு பேர் பேசிக்கிட்டே இருந்து திடீர்னு சட்டையப் பிடிக்கற அளவுக்குப் போயிட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க. கதைய மொழிபெயர்க்கறப்ப ரூமுக்குள்ள மேகம் வந்துச்சுன்னா வெளிய மழை பெய்யுதான்னு முதல்ல பாருங்க, பெய்யலன்னா சண்டை.

கேள்வி: 'எல்லாம் என் நேரம்!' இத போர்ச்சுகீஸ்ல எப்படி சொல்றது? தெம்புதான?

பதில்: இங்கதான் நம்ம ஷார்ட்கட் கால வாரிடும். நம்ம நேரத்துக்குள்ள கிரகம், ராசி, தலையெழுத்து எல்லாம் உக்காந்திருக்கு, தெம்புக்குள்ள அது கிடையாது. 'மெவ் தெம்பு'ன்னு சொன்னா 'என் காலத்துல எல்லாம் இப்படியா இருந்துச்சு'ன்னு தாத்தா பேசற மாதிரி ஆயிடும். அவங்க கெட்ட நேரத்த கடல்ல தேடுவாங்க, 'மரே ஜி அஸார்', துரதிர்ஷ்டத்தோட அலை ஏறி நிக்கற நேரம்னு வெச்சுக்கலாம். கப்பல்ல போனவங்க பாஷை இல்லையா.

கேள்வி: நீங்க இந்த வார்த்தைல சொதப்பினது உண்டா? உண்மையச் சொல்லணும்.
*- நீண்ட நாள் வாசகி*

பதில்: உண்டு, அதுவும் சபைல. ஒரு ஃபுட்பால் ஆப், என்னிக்கு யார் யாருக்கு மேட்ச்னு காட்டறது, அத பிரேசிலுக்கு மாத்தணும். எக்ஸெல் ஷீட்ல ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் போர்ச்சுகீஸ், வரிக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை, ஸ்க்ரீன்ஷாட் கிடையாது. வேறொருத்தர் மொழிபெயர்த்து முடிச்சு எனக்கு செக் பண்ண வந்துச்சு. அதுல ஒரு வரில இங்கிலீஷ் பக்கம் 'டைம்ஸ்'னு இருந்துச்சு, மேட்ச் எத்தன மணிக்குன்னு போடற கட்டத்துக்குத் தலைப்பு. அந்த மனுஷன் அந்த வரிய மறந்து அப்படியே விட்டிருக்காரு, போர்ச்சுகீஸ் பக்கமும் அதே எழுத்து அப்படியே இருக்கு.

நான் பாத்தேன். பாத்துட்டு சரின்னு டிக் போட்டுட்டேன். ஏன்னா பிரேசில்ல டீமுக்குப் பேரு என்ன தெரியுமா? இங்கிலீஷ் டீம கடன் வாங்கி, அந்த சத்தம் வர்றதுக்காக அவங்க எழுத்துல டி, ஐ, எம், ஈன்னு எழுதறாங்க. எழுத்துக்கு எழுத்து நம்ம இங்கிலீஷ் 'டைம்'தான், அவங்க படிக்கறது 'ச்சிமி'. பன்மைல 'ச்சிமிஸ்'. ஃபுட்பால் ஆப்புல அணிகள்னு ஒரு தலைப்பு இருக்காதா என்ன, என் கண்ணு வழுக்கிட்டுப் போயிடுச்சு. ஸ்பெல்செக்கும் வாயத் திறக்கல, அது பாவம் என்ன பண்ணும், வார்த்தை சரியாத்தான இருக்கு. ஆப் வெளிய வந்ததும் 'அணிகள்'னு தலைப்பு, அதுக்குக் கீழ வரிசையா 16:00, 18:30, 21:00. பிரேசில்லேர்ந்து ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நான் 18:30க்கு சப்போர்ட், அந்த டீம் இந்த வருஷம் நல்லா ஆடுதுன்னு எழுதியிருந்தார். இருந்திருக்க வேண்டியது 'ஓராரியுஸ்'. அன்னிலேர்ந்து ஒத்த வார்த்தை வரியா வர்ற ஷீட்னா இது எந்த ஸ்க்ரீன்ல எங்க உக்காருதுன்னு கேக்காம தொடறதில்ல. முழு வாக்கியம்னா மெஷினே இப்பல்லாம் சுமாரா பண்ணிடுது, ஒத்த வார்த்தைல அதுவும் தடுக்கி விழுது, நானும் விழறேன். போர்ச்சுகல்னா இந்தப் பிரச்சனையே வந்திருக்காது, அங்க டீம் 'எகீபா'.

கேள்வி: போர்ச்சுகல்ல பேசறவங்க 'நகெலா ஆல்தூரா'ன்னு அடிக்கடி சொல்றாங்க. ஆல்தூரான்னா உயரம்தான?

பதில்: உயரம்தான். ஆனா அங்க 'அந்த சமயத்துல'ன்னும் அர்த்தம், 'அட் தட் டைம்'க்கு அவங்க வாய்ல முதல்ல வர்றதே அதுதான். பிரேசில்காரனுக்கு எழுதறப்ப 'நகெலா எபொகா'ன்னு மாத்திடுங்க. போர்ச்சுகல்ல இருக்கறது சுமார் 1 கோடி பேர், பிரேசில்ல 20 கோடிக்கு மேல, ஆனாலும் மொழிபெயர்ப்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாருக்குன்னு கேக்காமலே வேலைய வாங்கிட்டு வர்ற ஏஜென்சிங்க இருக்கு, அவங்களப் பத்தி பேச ஆரம்பிச்சா இந்தப் பக்கம் பத்தாது.

கேள்வி: ரெண்டு தடவ எழுதிப் போட்டேன், நீங்க கண்டுக்கவே இல்ல, இது மூணாவது தடவ. ஆபீஸ்ல ஓவர்டைம், ஃபுட்பால்ல எக்ஸ்ட்ரா டைம், ஹாஃப் டைம், எல்லாத்துக்கும் தெம்பு எஸ்த்ரான்னு போட்டா போதுமா போதாதா?
*- கோபமான வாசகர்*

பதில்: போதாது சார், கோச்சுக்காதீங்க. ஆபீஸ்ல கூட உக்காந்து வேல பாத்தா 'ஓரா எஸ்த்ரா', மணிக்கணக்குலதான காசு குடுக்கறாங்க, அதனால ஓரா. கிரவுண்டுல 90 நிமிஷம் முடிஞ்சும் முடிவு தெரியாம இன்னொரு 30 நிமிஷம் ஆடினா பிரேசில்ல 'ப்ரொஹொகஸௌங்', போர்ச்சுகல்ல 'ப்ரொலோங்கமெந்து'. ரெஃப்ரி கடைசில சேத்து விடற அந்த நாலஞ்சு நிமிஷம் இருக்கே, அது பிரேசில்ல 'அக்ரெஸிமுஸ்'. ஹாஃப் டைம் 'இந்தெர்வாலு', இடைவேளைன்னே சொல்றாங்க. தெம்பு வர்றது வேற எடத்துல, பிரேசில்ல மொத பாதி 'ப்ரிமெய்ரு தெம்பு', ரெண்டாவது பாதி 'செகூந்து தெம்பு'. போர்ச்சுகல்ல அதையும் 'பார்த்'னு, பாதின்னே சொல்லிட்டுப் போயிடுவாங்க.

மூணாவது தடவன்னு சொன்னீங்கல்ல, அதுக்கும் அங்க ஒரு சொலவட இருக்கு. இங்கிலீஷ்ல 'தேர்ட் டைம் லக்கி'ம்பான், போர்ச்சுகல்ல 'ஆ தெர்ஸெய்ரா எ த் வெஷ்', மூணாவது தடவ நிச்சயம் பலிச்சிரும்னு. அந்த மொத ரெண்டு கேள்வியையும் மெயில் முழுக்க தேடிப் பாத்தேன், கிடைக்கல. இன்னொரு தடவ அனுப்பி விடுங்க.